மே மாச லிஸ்பனைப் பாத்துட்டு ஜனவரி மாச லிஸ்பனுக்குக் குடி போகாதீங்க

கேள்வி: அக்கா, நாங்க கோயமுத்தூர். எனக்கு 36, வீட்டுக்காரருக்கு 41, பொண்ணு ரெண்டாங்கிளாஸ். ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு வீட்ல இருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் பாக்கறேன், கான்ட்ராக்ட்தான், மாசம் 4,500 டாலர் வருது. அவர் சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கார், ரெண்டு சிஎன்சி மெஷின் இருக்கு. போன மே மாசம் பொண்ணு லீவுல போர்ச்சுகல் போனோம், லிஸ்பன், லாகோஸ், போர்ட்டோ. வந்ததுல இருந்து மனசு அங்கயே கெடக்கு. அந்த வெயிலு, அந்த நிதானம், ராத்திரி 9 மணிக்கும் வெளிச்சம்... அங்கயே போயி இருந்துட்டா என்னன்னு தோணுது. இங்க ஒரு ஏஜென்ட், டூரிஸ்ட் விசாவுல மூணு பேரும் போயிடுங்க, அங்க போயி ரெசிடென்ஸ் கார்டுக்கு மாத்திக்கலாம், அஞ்சு வருஷத்துல பாஸ்போர்ட்டுங்கறார். 9 லட்சம் கேக்கறார், 1 லட்சம் அட்வான்ஸ் குடுத்தாச்சு. வீட்டை வித்துட்டுப் போறதா, வாடகைக்கு விட்டுட்டுப் போறதான்னு குழப்பம். நாங்க சுத்த வெஜிடேரியன், அது வேற பயமா இருக்கு. அவருக்கும் ஓகேதான். என்ன பண்ணலாம்?

பதில்:

ஏஜென்ட் விஷயத்தை மொதல்ல முடிச்சுடறேன், அட்வான்ஸ் குடுத்தாச்சுன்னு படிச்சதும் மத்ததெல்லாம் அப்புறம்னு ஆயிடுச்சு. மிச்சம் 8 லட்சத்தைக் குடுக்காதீங்க. குடுத்த ஒரு லட்சத்தை எழுத்துல கேட்டுத் திருப்பி வாங்கப் பாருங்க, வாட்ஸ்அப்ல அவர் "மாத்திக்கலாம்"னு சொன்ன மெசேஜ் எல்லாத்தையும் அழிக்காம வச்சுக்கோங்க.

அவர் சொல்றது முழுப் பொய்யும் இல்ல, அதான் ஆபத்தே. ஒரு காலத்துல நான் இருக்கற இந்தப் போர்ச்சுகல்ல நெஜமாவே அப்படி ஒரு வழி இருந்துச்சு, டூரிஸ்டா வந்து எறங்கி, ஒரு வேலையைப் புடிச்சு, சோஷியல் செக்யூரிட்டி கட்டிட்டு, நான் இங்கயே இருக்க விரும்பறேன்னு ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டுட்டுக் காத்திருக்கலாம். பஞ்சாப், குஜராத், நேபாள், பங்களாதேஷ்னு எத்தனையோ பேர் அப்படித்தான் கார்டு வாங்கினாங்க. 2024 ஜூன்ல அரசாங்கம் அதை மூடிடுச்சு. அதுக்கப்புறம் வேலை தேடற விசான்னு ஒண்ணை வச்சு ஏஜென்ட்டுங்க யாவாரம் பண்ணிட்டு இருந்தாங்க, 2025 அக்டோபர்ல வந்த புதுச் சட்டத்துல அதையும் உயர்ந்த தொழில் தகுதி இருக்கறவங்களுக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க. இப்ப டூரிஸ்ட் விசாவுல வந்தா 180 நாள்ல 90 நாள், அவ்வளவுதான். முன்ன மாதிரி பாஸ்போர்ட்டுல ஸ்டாம்ப் மங்கலா இருக்குன்னு தப்பிக்கவும் முடியாது, 2025 அக்டோபர்ல இருந்து ஷெங்கன், அதாவது ஒரே விசாவுல போற ஐரோப்பிய நாடுங்களோட எல்லையில கைரேகை, முகம் எல்லாத்தையும் பதிஞ்சு நாளைக் கம்ப்யூட்டரே எண்ண ஆரம்பிச்சுடுச்சு. ஏழு வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்து 91-வது நாள் என்ன பண்ணுவீங்க?

அஞ்சு வருஷப் பாஸ்போர்ட் கதையும் அப்படித்தான். 2025 அக்டோபர்ல பார்லிமென்ட் அதைப் பெரும்பாலான வெளிநாட்டுக்காரங்களுக்கு 10 வருஷமாக்கி ஓட்டுப் போட்டுச்சு, டிசம்பர்ல அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்துல சில பிரிவுகளைச் செல்லாதுன்னுச்சு. இப்படி மாறிட்டே இருக்கற விதியை நம்பி யாரும் குடும்பத்தை நகர்த்தக் கூடாதுங்கறது என் அபிப்பிராயம். அதுவும் இல்லாம அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கினா இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டு, வெளிநாட்டுக் குடிமக்களாயிட்ட இந்தியர்களுக்குக் குடுக்கற ஓசிஐ கார்டு எடுக்கணும், அதைப் பத்தி வீட்ல உக்காந்து பேசியிருக்கீங்களா?

சரி, நேர்மையான வழி என்ன? உங்களுக்குப் பொருந்தறது டி-8, ரிமோட் வேலை பாக்கறவங்களுக்காக 2022 அக்டோபர் கடைசியில கொண்டு வந்த விசா. இந்தியாவுல இருந்தே விண்ணப்பிக்கணும். வருமானம் இங்கத்திய குறைஞ்சபட்ச சம்பளம் மாதிரி நாலு மடங்கு இருக்கணும், கடைசி மூணு மாசச் சராசரியைப் பாப்பாங்க. குறைஞ்சபட்ச சம்பளம் 2025-ல 870 யூரோ, 2026-ல 920. அப்ப நீங்க காட்ட வேண்டியது மாசம் 3,680 யூரோ.

இங்கதான் கொஞ்சம் நிதானமாப் படிங்க. உங்களுக்கு வர்றது டாலர். 2025 தொடக்கத்துல ஒரு யூரோ கிட்டத்தட்ட 1.04 டாலர், அந்தக் கணக்குல உங்க 4,500 டாலர் 4,300 யூரோவுக்கு மேல. அந்த வருஷம் முடியும்போது ஒரு யூரோ 1.17 டாலரை ஒட்டி வந்துடுச்சு, அந்த ரேட்டுல அதே 4,500 வெறும் 3,846 யூரோதான். உங்க சம்பளத்துல ஒரு டாலர்கூட குறையல, ஆனா வரம்பு 3,480-ல இருந்து 3,680-க்கு ஏறிடுச்சு, நீங்க 4,300-ல இருந்து 3,846-க்கு எறங்கிட்டீங்க. இடைவெளி 166 யூரோ. யூரோ 1.23 டாலருக்குப் போனா நீங்க வரம்புக்குக் கீழ. கார்டை ரெண்டு வருஷம் கழிச்சுப் புதுப்பிக்கணும், அப்பவும் வருமானம் கேப்பாங்க, அதுக்குள்ள குறைஞ்சபட்ச சம்பளம் இன்னும் ஏறியிருக்கும். அதனால விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே கிளையன்ட் கிட்டப் பேசி ரேட்டை ஏத்துங்க, இல்லேன்னா ரெண்டாவது ஒரு சின்ன கான்ட்ராக்ட்டைச் சேருங்க. 5,200 டாலர் இருந்தா நான் தைரியமாப் போடச் சொல்வேன். 4,500-ன்னா தயங்குவேன்.

வருமானத்தோட கையிருப்பும் காட்டச் சொல்வாங்க, ஒரு வருஷக் குறைஞ்சபட்ச சம்பளம், அதாவது 11,040 யூரோ உங்களுக்கு, அதுல பாதி வீட்டுக்காரருக்கு, 30 சதவீதம் பொண்ணுக்கு. குடும்பத்தைக் கூட்டிக்கற விதியையும் 2025-ல இறுக்கிட்டாங்க, பொதுவா ரெண்டு வருஷம் சட்டப்படி இங்க இருந்தப்புறம்தான் கேக்க முடியும், சின்னப் பிள்ளை இருக்கற குடும்பத்துக்கு அதுல விலக்கு இருக்கு. உங்க கேஸ்ல அது எப்படி வரும்னு ஒரு போர்ச்சுகீஸ் வக்கீல் கிட்டப் பணம் கட்டிக் கேட்டுடுங்க. இங்க வக்கீல்னா பார் கவுன்சில்ல பதிவு நம்பர் இருக்கும், பேரைப் போட்டு வெப்சைட்லயே தேடிப் பாக்கலாம். ஒரு மணி நேர ஆலோசனைக்கு ஆகற செலவு உங்க ஏஜென்ட் அட்வான்ஸுல பத்துல ஒரு பங்கு ஆனாலே அதிகம்.

இப்ப விசா கெடைச்சு வந்துட்டீங்கன்னு வச்சுக்குவோம், மாசம் எப்படி ஓடும்? இங்க ஃப்ரீலான்ஸரா பதிஞ்சுப்பீங்க. மொத 12 மாசம் சோஷியல் செக்யூரிட்டி இல்ல, அதுக்கப்புறம் வருமானத்துல 70 சதவீதத்துக்கு 21.4 சதவீதம், சுருக்கமாச் சொன்னா மொத்த வருமானத்துல 15 சதவீதம், உங்களுக்கு 575 யூரோ பக்கம் வரும். வருமான வரி, புருஷன் பொண்டாட்டி சேந்து ஃபைல் பண்ணா, மாசத்துக்கு 400-500-ன்னு வச்சுக்கோங்க. முன்ன வெளிநாட்டுக்காரங்களுக்குப் பத்து வருஷ வரிச் சலுகைன்னு ஒண்ணு பிரபலமா இருந்துச்சே, அது 2024-ல இருந்து புதுசா வர்றவங்களுக்கு இல்ல, அதுக்குப் பதிலா வந்தது ஆராய்ச்சி, சில குறிப்பிட்ட உயர் வேலைங்க மாதிரி ஆளுங்களுக்கு, வீட்ல இருந்து அமெரிக்காவுக்கு டெஸ்டிங் பண்றவங்க அதுல நுழையறது கஷ்டம். ஆக கையில நிக்கறது 2,800 யூரோ. லிஸ்பன்ல ரெண்டு பெட்ரூம் வீடு, இங்க டி-2-ம்பாங்க, 1,500-க்குக் கீழ கெடைச்சா அதிர்ஷ்டம். மிச்சம் 1,300-ல கரண்ட், தண்ணி, இன்டர்நெட், இன்சூரன்ஸ், மளிகை, பொண்ணுக்குச் சட்டை செருப்பு, வருஷத்துக்கு ஒருக்கா ஊருக்கு மூணு டிக்கெட். பஸ் மெட்ரோ மட்டும் மலிவு, 40 யூரோ மாச பாஸ்ல லிஸ்பனைச் சுத்தி இருக்கற 18 முனிசிபாலிட்டியும் சுத்தலாம், கார் வேண்டியதில்ல. வாழலாம். சேக்க முடியாது. கோவையில நாலு லட்ச ரூபா வருமானத்துல வேலைக்கு ஆள் வச்சுட்டு, கார் வச்சுட்டு, மாசா மாசம் ஆர்டி போட்டுட்டு இருக்கற குடும்பம், இங்க பாத்திரத்தையும் கழுவிட்டு மாசக் கடைசியில பேலன்ஸைப் பாக்கற குடும்பமா மாறும். அது பரவாயில்லன்னு சந்தோஷமா இருக்கறவங்களும் இருக்காங்க, அதனால வேண்டாம்னு சொல்லல.

அடுத்து அந்த வெயில். உங்க லெட்டர்ல ஊரைப் பத்தி மொதல்ல எழுதினதே அதைத்தான். லிஸ்பன்ல வருஷத்துக்கு 2,800 மணி நேரம் வெயில்ங்கறது உண்மைதான், ஆனா அந்த வெயிலு தெருவுலதான் இருக்கும், வீட்டுக்குள்ள வராது. ஜனவரியில வெளிய காலைல 8 டிகிரி, மத்தியானம் 15. கேக்கறதுக்கு இதென்ன பெரிய குளிருன்னு தோணும். ஜெர்மனியில மைனஸ் 5-ல இருந்தவங்களே இங்க வந்து நடுங்கறாங்க, ஏன்னா அங்க வீட்டுக்குள்ள 21 டிகிரி, இங்க வீட்டுக்குள்ள 14. போர்ச்சுகல்ல வீடுகளுக்கு வெப்பக் காப்பு வேணும்னு சட்டமே 1990-லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி கட்டின அடுக்குமாடிதான் ஊரு பூரா, சென்ட்ரல் ஹீட்டிங்கெல்லாம் கெடையாது. 2023-ல ஐரோப்பிய யூனியன் எடுத்த கணக்குல, வீட்டைத் தேவையான அளவு கதகதப்பா வச்சுக்க முடியலன்னு சொன்னவங்க போர்ச்சுகல்லயும் ஸ்பெயின்லயும் 20.8 சதவீதம், யூனியன்லயே ரெண்டும்தான் மொத எடம். ஃபின்லாந்து இல்ல பாருங்க, போர்ச்சுகல்!

நேர்ல எப்படி இருக்கும்னா, காலைல எந்திரிச்சா ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் தண்ணி வழிஞ்சுட்டு நிக்கும், ஜன்னல் திட்டுல துணியைப் போட்டுத் தொடைச்சுப் பிழியணும். பெட்ரூம் பீரோவை ஒரு சாண் நகத்திப் பாத்தா சுவத்துல கறுப்பா பூஞ்சை படந்திருக்கும், உள்ள தொங்கற தோல் பெல்ட்டுல பச்சை பூத்திருக்கும். காட்டன் சட்டை மூணு நாள் காயாது. ஈரத்தை உறிஞ்சற மெஷின் ஒண்ணு வாங்கி வப்பாங்க, அதோட டப்பாவைத் தெனமும் எடுத்துக் கொட்டணும், ரெண்டு லிட்டர் தண்ணி காத்துல இருந்து! கரண்ட்லயும் ஒரு கூத்து இருக்கு, இங்க எத்தனை கேவிஏ லைன் எடுக்கறீங்களோ அதுக்குத் தக்க தெனசரி கட்டணம், அதனால வீட்டு ஓனருங்க 3.45 கேவிஏ-ல விட்டிருப்பாங்க. ஹீட்டர் ஓடிட்டிருக்கும்போது இன்டக்‌ஷன்ல சாம்பாரை வச்சுட்டு மிக்ஸியைப் போட்டீங்கன்னா பட்டுன்னு ட்ரிப் ஆயிடும், அந்த நேரம் பாத்து உங்களுக்கு அமெரிக்கக் கால் ஓடிட்டிருக்கும். வீடு எடுத்ததும் 6.9-க்கு மாத்தச் சொல்லுங்க.

வீடு பாக்கும்போது தெக்குப் பாத்த ஜன்னலாத் தேடுங்க. நம்ம ஊர்ல தெக்குப் பாத்த வீடுன்னா மொகத்தைச் சுளிப்பாங்க, இங்க குளிர்காலத்துல சாய்ஞ்ச சூரியன் வர்றது அந்தப் பக்கம்தான், அதுக்குத்தான் வாடகையும் கூட. தரைத்தளம் வேண்டாம், ஈரம். விளம்பரத்துலயே வீட்டுக்கு எனர்ஜி கிரேடு ஏ-ல இருந்து எஃப் வரைக்கும் போடணும்னு சட்டம் இருக்கு, ஈ, எஃப்-னு இருந்தா நான் மேல சொன்னது அத்தனையும் உண்டுன்னு அர்த்தம். அட்வான்ஸ் வாடகை ரெண்டு மாசம், டெபாசிட் ரெண்டு மாசம், இதுக்கு மேல கேக்கக் கூடாதுங்கறது சட்டம், ஆனா வெளிநாட்டுக்காரங்க கிட்ட ஆறு மாசம், ஒரு வருஷம்னு கேப்பாங்க, உள்ளூர்ல ஜாமீன் கையெழுத்துப் போட உங்களுக்கு ஆள் இல்லல்ல, அதான். எங்க கேட்டாலும் வீட்டை நேர்ல பாக்காம ஒரு பைசா அனுப்பாதீங்க, ஓனர் லண்டன்ல இருக்கார், சாவியை கூரியர்ல அனுப்பறோம்னு ஒரு கும்பலே திரியுது.

லாகோஸ் புடிச்சிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அல்கார்வ் பக்கம் வீடு தேடினா வாடகை திடீர்னு மலிவாத் தெரியும், கீழ சின்ன எழுத்துல பாருங்க, அக்டோபர்ல இருந்து மே வரைக்கும்னு போட்டிருப்பாங்க. ஜூன் மாசம் காலி பண்ணிடணும், அதே வீட்டை டூரிஸ்ட்டுக்கு வாரக் கணக்குல விடுவாங்க. ஸ்கூல் போற பிள்ளையை வச்சுட்டு வருஷா வருஷம் மூட்டை கட்ட முடியாது. வெயில்தான் வேணும்னு உள்நாட்டுப் பக்கம் அலென்டேஷோ போனா, 2025 ஜூன்ல மோராங்கற ஊர்ல 46.6 டிகிரி அடிச்சுச்சு, கோயமுத்தூர்க்காரங்களுக்கு அது வேண்டாத வேலை.

பொண்ணு படிப்பைப் பத்தி நீங்க ஒண்ணும் கேக்கல, ஆனா எனக்குக் கவலை கம்மியான ஆளும் அவதான். அரசுப் பள்ளிக்கூடம் இலவசம், செப்டம்பர் நடுவுல ஆரம்பிக்கும், போர்ச்சுகீஸ் தெரியாம வர்ற பிள்ளைங்களுக்குன்னே தனிப் பாடம் உண்டு, ஏழு வயசுல ஒரு வருஷத்துக்குள்ள உங்களுக்கு மொழிபெயர்ப்பாளரா ஆயிடுவா. இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆசை வேண்டாம், உங்க பட்ஜெட்டுல எடமில்ல. சாப்பாட்டுக்கும் பயப்படாதீங்க, பள்ளிக்கூடம் உள்பட அரசு கேன்டீன் எல்லாத்துலயும் ஒரு வெஜிடேரியன் சாப்பாடு இருக்கணும்னு 2017-லயே சட்டம் போட்டுட்டாங்க. ஹோட்டல்லதான் கவனமா இருக்கணும், கால்டு வெர்டேன்னு பச்சைக் கீரை சூப், பாத்தா நம்ம கீரைக் கடைசல்தான், அதுல ஒரு துண்டு பன்னி சாசேஜ் மெதக்கும். செம் கார்னே, இறைச்சி வேண்டாம்னு மட்டும் சொன்னா மீனைப் போட்டுக் கொண்டு வருவாங்க, செம் பெய்ஷேன்னு சேத்துச் சொல்லணும். அரிசிக்குக் குறையே இல்ல, ஐரோப்பாவுல ஆளுக்கு ரொம்ப அதிகமா அரிசி திங்கற ஜனம் இவங்கதான். லிஸ்பன்ல மார்த்திம் மொனிஸ் பக்கம் போனா கருவேப்பிலை, உளுந்து, இட்லி ரவை எல்லாம் ஒரே தெருவுல. இட்லி மாவு ஜனவரியில பொங்காது, அது வேற கஷ்டம்.

இப்ப உங்க லெட்டரோட கடைசிக்கு முந்தின வரிக்கு வர்றேன். "அவருக்கும் ஓகேதான்." இவ்வளவு பெரிய லெட்டர்ல அவர் மனசுக்கு ரெண்டே சொல்லு. அவருதான் இதுல ரொம்ப இழக்கப் போறவர், தங்கச்சி. நீங்க லேப்டாப்பை மூடி இங்க வந்து தொறந்தா அதே வேலை, அதே ஆளுங்க. அவரு பட்டறையைப் பூட்டிட்டு வந்து, மொழி தெரியாம, ஜனவரி மாசம் 14 டிகிரி வீட்ல, நீங்க மீட்டிங்ல இருக்கும்போது சத்தம் போடாம உக்காந்திருக்கணும். என் கிட்ட வர்ற குடும்பங்கள்ல திரும்பிப் போறவங்கள்ல பாதிக்கு மேல விசாவாலயோ பணத்தாலயோ போகல, கூட வந்தவருக்கு இங்க ஒரு வேலை, ஒரு பேச்சுத்துணை அமையாமப் போனாங்க. அவருக்கு ரெசிடென்ஸ் கார்டு வந்தா வேலை பாக்க உரிமை உண்டு, ஆனா லிஸ்பன்ல அவருக்கு என்ன வேலை? சாப்பாடு டெலிவரியா?

அதுக்குத்தான் ஒரு யோசனை சொல்றேன், நீங்க கேக்காத ஊரு. லெயிரியா, அதுக்குப் பக்கத்துல மரீன்யா கிராண்டே. லிஸ்பனுக்கு வடக்க 140 கிலோமீட்டர் பக்கம். டூரிஸ்ட் யாரும் அந்த ஊருக்குன்னு போக மாட்டாங்க. ஆனா பிளாஸ்டிக் மோல்டிங்குக்கான அச்சு செய்யறதுல ஐரோப்பாவுலயே பேர் போன எடம் அது, மொதல்ல கண்ணாடிக்கு அச்சு செஞ்ச ஊரு, அப்புறம் பிளாஸ்டிக்குக்கு மாறி, இப்ப கார் கம்பெனிங்களுக்கு அச்சு போகுது. ஊரு பூரா சிஎன்சி, மில்லிங், ஈடிஎம் பட்டறைங்க, நெறைய சின்னச் சின்ன யூனிட். உங்க வீட்டுக்காரர் கண்ணைக் கட்டி விட்டாலும் அந்தச் சத்தத்தை வச்சே எந்த மெஷின்னு சொல்லிடுவார். வாடகை லிஸ்பனை விடக் கம்மி, கடல் பக்கம். மழை கொஞ்சம் கூட. உங்களுக்கு இன்டர்நெட் இருந்தாப் போதும், நீங்க லிஸ்பன்ல இருந்தா என்ன லெயிரியாவுல இருந்தா என்ன?

அதனால இப்படிப் பண்ணுங்க. வீட்டை விக்காதீங்க, பட்டறையையும் விக்காதீங்க. இந்த வருஷம் எதையும் முடிவு பண்ணாம, வர்ற பொங்கல் லீவோட இன்னும் கொஞ்ச நாள் சேத்து, மூணு பேரும் ஒழுங்கா டூரிஸ்ட் விசா எடுத்துட்டு ஜனவரியில வாங்க. ஹோட்டல் வேண்டாம், பழைய பில்டிங்ல ஒரு சாதாரண ஃபிளாட்டை எடுங்க, நாலு நாள் லிஸ்பன், மிச்சம் லெயிரியா. டூரிஸ்ட் விசாவுல வேலை பாக்கக் கூடாது, அதனால நீங்க லீவு போட்டுட்டு வரணும். மளிகை வாங்கிச் சமைங்க, துணி காயப் போடுங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில வெயிட்டிங் எப்படி இருக்குன்னு எட்டிப் பாருங்க, குடும்ப டாக்டர் ஒதுக்கப்படாத ஜனம் இந்த நாட்டுல 15 லட்சத்துக்கு மேல, கார்டு வந்தாலும் கொஞ்ச நாளைக்கு பிரைவேட் இன்சூரன்ஸ்தான். முக்கியமா அவரைத் தனியா ரெண்டு பட்டறைக்கு அனுப்புங்க, கூட நான் ஒரு மொழி தெரிஞ்ச ஆளை ஏற்பாடு பண்ணித் தர்றேன். திரும்பி வந்தப்புறம் "ஓகேதான்"னு சொல்றாரா, இல்ல அவரே மெஷினைப் பத்திப் பேச ஆரம்பிக்கறாரான்னு பாருங்க.

இடையில ஊர்ல இருந்தே ஒரு வேலையைத் தொடங்கிடலாம், பேரு. இங்க எல்லா ஃபார்ம்லயும் பேருக்கு ஒரு கட்டம், குடும்பப் பேருக்கு ஒரு கட்டம். நம்ம பாஸ்போர்ட்டுல பாதிப் பேருக்குக் குடும்பப் பேரு கட்டம் காலி, கல்யாண சர்டிஃபிகேட்டுல இனிஷியல், பொண்ணு பர்த் சர்டிஃபிகேட்டுல அப்பா பேரு ஒரு எழுத்து வேற. கவுன்டர்ல உக்காந்திருக்கற அம்மா மூணு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, இவங்க மூணு பேரும் ஒரே குடும்பம்னு எப்படித் தெரியும்னு கேப்பாங்க, கேக்கறதும் நியாயம்தான். இனிஷியலை விரிச்சு பாஸ்போர்ட்டைத் திருத்துங்க, அதே ஸ்பெல்லிங்ல மத்த சர்டிஃபிகேட்டையும் கொண்டு வாங்க, அப்புறம்தான் வெளியுறவுத் துறை அப்போஸ்டில், அதாவது சர்டிஃபிகேட் வெளிநாட்டுல செல்லறதுக்கான முத்திரை, அப்புறம்தான் போர்ச்சுகீஸ் மொழிபெயர்ப்பு. இந்த வரிசை மாறினா எல்லாத்தையும் ரெண்டு தடவை பண்ணணும். போலீஸ் கிளியரன்ஸ் மட்டும் இப்ப வேண்டாம், அதுக்கு ஆயுசு கம்மி, விண்ணப்பம் போடற மாசத்துல எடுத்தாப் போதும்.

வீட்டை வாடகைக்கு விடறதுன்னா, நீங்க என்ஆர்ஐ ஆனப்புறம் குடி இருக்கறவர் வாடகையில 31.2 சதவீதம் டிடிஎஸ் புடிச்சுக் கட்டணும், பெரும்பாலானவங்க அந்தத் தலைவலி வேண்டாம்னு ஓடிடுவாங்க, அதனால அக்ரிமென்ட் போடும்போதே ஆடிட்டரைப் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. அந்த வாடகையை இங்கயும் கணக்குல காட்டணும், ஊர்ல கட்டின வரியை இங்க கழிச்சுக்கலாம், ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. பேங்க் அக்கவுன்ட்டையும் என்ஆர்ஓ-வுக்கு, அதாவது என்ஆர்ஐ-ங்களோட இந்திய வருமானத்துக்கான அக்கவுன்ட்டுக்கு, மாத்தணும், அது கெளம்பினப்புறம் பண்ற வேலை.

கிளையன்ட் ரேட் பத்தி என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க, அதை வச்சு டி-8 கணக்கைத் திரும்பப் போட்டுப் பாக்கலாம். அடுத்த லெட்டரை அவரையும் பக்கத்துல வச்சு எழுதுங்க.